நானூற்றுப் பன்னிரண்டு காலி பலூன்கள்

சித்திரக்கதை விருதுக் குழுவின் செயலர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

பணிவான வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நடுவர் பெருமக்கள் ஏழு பேரும் நல்ல உடல்நலத்தோடும், குறிப்பாகக் கண்பார்வையில் கோளாறு ஏதும் இல்லாமலும் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். என் நலத்தைப் பற்றிச் சொல்வதானால், சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன். பதினொன்றரைக்குத்தான் தங்கள் கடிதம் வந்தது.

சென்ற ஆண்டு வந்த சித்திரக்கதைப் புத்தகங்களில் 'சிறந்த எழுத்தமைப்பு' என்ற பிரிவின் இறுதிப் பட்டியலில் என் பெயரைச் சேர்த்திருப்பதாக அதில் எழுதியிருந்தீர்கள். மிக்க நன்றி. அந்தப் பெயரை உடனே எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகத்தான் இந்தக் கடிதம். காரணம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் புத்தகத்தில் எழுத்தே கிடையாது.

இதோடு முடித்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் இதே வாக்கியத்தைத் தங்கள் அலுவலகத்துக்கு நான்கு தடவை தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. நான்கு தடவையும் எதிர்முனையில் இருந்த அம்மையார், "சார், உங்க அடக்கம் எங்களுக்கெல்லாம் ஒரு பாடம்" என்று சொல்லிவிட்டு, காத்திருப்போருக்கான பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆகையால் முதலிலிருந்து சொல்லித்தான் ஆகவேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஒரு பதிப்பகத்தில் முப்பத்தொரு வருஷமாகப் பலூன் எழுதுகிறவன். படம் வரைகிறவர் வேறு, கதை எழுதுகிறவர் வேறு. படத்தில் ஒருவர் பேசினால் அவர் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, வட்டத்திலிருந்து அவர் வாய்க்கு ஒரு வாலை இழுத்து, உள்ளே அவர் பேசுவதைக் கையால் எழுதுவது என் வேலை. கதவு சாத்துகிற சத்தம், தட்டு விழுகிற சத்தம், துப்பாக்கிச் சத்தம், ஆள் மாடிப்படியில் உருளுகிற சத்தம் எல்லாம் என் கணக்கில்தான் வரும். எழுதி முடித்ததும் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் படத்தின்மேல் ஒட்டுவார்கள். படிக்கிறவர்கள் யாரும் என் வேலையைப் பார்ப்பதில்லை, கதையைத்தான் பார்ப்பார்கள், அதுதான் சரி என்று எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நானும் அதை நம்பித்தான் இத்தனை வருஷம் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். பார்க்கவில்லை என்பதில் எனக்கு வருத்தமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வருத்தம் உண்டு. ஒவ்வொரு வருஷமும் தங்கள் பட்டியல் வரும்போது யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் பக்கமாக நின்று படித்துவிட்டு, அதே இடத்தில் வைத்துவிடுவேன்.

சென்ற ஆண்டு மட்டும் நான் பதினோரு புத்தகங்களுக்குப் பலூன் எழுதினேன். அதில் ஒன்று நான்கு பாகத் துப்பறியும் கதை. அதில் ஒரு ஆறு மாடிக் கட்டடம் இடிந்து விழுகிறது. அந்தச் சத்தத்தை மட்டும் நான்கு நாள் எழுதினேன். மேல் மாடியில் மெல்லிசாகத் தொடங்கிக் கீழே வரவரத் தடித்துக் கடைசி எழுத்து பக்கத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே போகும். அச்சகத்துக்காரர் பார்த்துவிட்டு, "ஐயா, காதே அடைச்சுப்போச்சு" என்றார். அது தங்கள் பட்டியலில் இல்லை. குழந்தைகளுக்கான தவளைக் கதை ஒன்று. எழுத்தெல்லாம் ஈரமாக இருப்பது போல எழுதினேன். அதுவும் இல்லை. பதினோரு புத்தகத்தில் பத்தை விட்டுவிட்டு, ஒரே ஒரு எழுத்துகூட இல்லாத பதினோராவது புத்தகத்தை ஏழு பேர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்றால் நான் என்னவென்று நினைப்பது, சொல்லுங்கள்.

இது எப்படி நடந்தது என்று விசாரித்தேன். எங்கள் பதிப்பாளருக்கு அலுவலகத்தில் 'உடனே' என்று பெயர். எதைச் சொன்னாலும் அந்த வார்த்தையில்தான் தொடங்குவார், அதிலேயே முடிப்பார். தங்கள் விண்ணப்பப் படிவம் வந்த அன்று அவர் தட்டச்சு அம்மாவிடம், "உடனே நிரப்பி உடனே அனுப்பும்மா, ஒரு கட்டத்தையும் காலியா விடாதே, காலியா விட்டா நிராகரிச்சிடுவாங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா பாவம், சொன்னதைச் செய்கிறவர். பன்னிரண்டு பிரிவுக்கும் டிக் போட்டு அனுப்பிவிட்டார். ஆகவே ஐயா, கறுப்பு வெள்ளையில் வந்த இந்தப் புத்தகம் 'சிறந்த வண்ணம்' பிரிவிலும் போட்டியிட்டிருக்கிறது. 'சிறந்த மொழிபெயர்ப்பு' பிரிவிலும் போட்டியிட்டிருக்கிறது. ஒரு வார்த்தைகூட இல்லாத புத்தகத்தை எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு மாற்றினோம் என்று யாரும் கேட்கவில்லையா என்று தட்டச்சு அம்மாவிடம் கேட்டேன். "கேட்டாங்க சார், மூலப் புத்தகத்தை அனுப்பச் சொன்னாங்க, நான் இதையே இன்னொரு காப்பி அனுப்பினேன்" என்றார்.

இதில் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். தங்கள் ஒன்பதாவது விதிப்படி ஒரு புத்தகம் ஒரு பிரிவின் இறுதிப் பட்டியலில்தான் இடம்பெறலாம். எழுத்தமைப்பில் என்னைச் சேர்த்த காரணத்தால், 'சிறந்த சித்திரம்' பிரிவில் அந்தப் புத்தகத்தை வரைந்த பெண்ணைச் சேர்க்க முடியாமல் போய்விட்டது. கதை அவளுடையது. படம் அவளுடையது. மூன்று வருஷ உழைப்பு. அவள் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சலில் காது கேட்காமல் போன அவளுடைய அம்மாவைப் பற்றிய கதை. அம்மா பஸ்ஸில் போகிறார், கடைக்குப் போகிறார், டாக்டரிடம் போகிறார், எல்லாரும் அவரிடம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அவர் வாய்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவ்வளவுதான் கதை. அந்த அம்மாவின் கண்ணை அவள் வரைந்திருப்பதைப் பார்த்தால் கல்லும் கரையும். அவளுக்கு ஒன்றுமில்லை. பக்கத்து மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு இறுதிப் பட்டியல்.

சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னது தவறு. அதையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் தீரட்டும். அந்தப் புத்தகத்தில் முதலில் எழுத்து இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பலூன். ஐந்து மாதம் எழுதினேன். மணிக்கட்டு வீங்கி, கட்டுப் போட்டுக்கொண்டு எழுதினேன். டாக்டருக்கு ஒரு கையெழுத்து, கண்டக்டருக்கு ஒரு கையெழுத்து, அம்மாவிடம் பேசும்போது எல்லாரும் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திப் பேசுவார்களே, அதற்கென்று எழுத்துக்கு நடுவில் கொஞ்சம் அதிகமாக இடைவெளி. என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். முடித்து எல்லாம் ஒட்டியாகிவிட்டது. அச்சுக்குப் போக நான்கு நாள் இருக்கும்போது அந்தப் பெண் என் மேசைக்கு வந்து நின்றாள். கையைப் பிசைந்துகொண்டே, "மாமா, பலூன் அப்படியே இருக்கட்டும். உள்ளே இருக்கற எழுத்தையெல்லாம் எடுத்துடலாமா?" என்றாள்.

நான் கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன். "எதை எடுக்கணும், எந்தப் பக்கத்துல?" என்றேன். "எல்லாப் பக்கத்துலயும் மாமா. அம்மாவுக்குக் கேக்காது இல்லையா. படிக்கறவங்களுக்கும் கேக்கக் கூடாது" என்றாள். பெரிய கலை விளக்கம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இதை ஐந்து மாசத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா நான் ஊருக்காவது போயிட்டு வந்திருப்பேனே" என்றேன். அழுதுவிடுவாள் போல நின்றாள். 'உடனே' ஓடி வந்து கேட்டுவிட்டு, "உடனே எடுத்துடுங்க, புதுமையா இருக்கு" என்றார். நான் எழுதியதை நானே அழித்தேன். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். ஐந்து மாதம் எழுதியது பதினோரு விநாடியில் போயிற்று. அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் அந்தப் பெண்ணோடு பேசவில்லை. பக்கத்துப் பக்கத்து மேசை. மின்விசிறியைக் குறைக்கட்டுமா என்பதைக்கூடப் பிழை திருத்துபவர் மூலமாகத்தான் கேட்டுக்கொண்டோம். மனிதருக்கு எங்கள் இருவருக்கும் நடுவில் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

இப்போது நடுவர்களின் பாராட்டுரைக்கு வருகிறேன். 'சொல்லாமல் விட்ட சொற்களுக்கு எடை கொடுத்திருக்கிறார். மௌனத்துக்கு வடிவம் தந்த கை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, நான் எதையும் சொல்லாமல் விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், முத்திரை குத்தினாற்போல் தெளிவாகச் சொன்னேன், பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். சமைத்து வைத்ததையெல்லாம் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, தட்டு என்ன பளபளப்பு என்று சமையற்காரனைப் பாராட்டினால் அவனுக்கு எப்படி இருக்கும். இதைத்தான் முதல் தொலைபேசிப் பேச்சில் விளக்கினேன். "நான் எதையும் எழுதலைங்க, அதுல ஒண்ணுமே இல்லைங்க" என்று கத்தினேன். மறுநாள் தங்கள் குழுவின் பத்திரிகைச் செய்தியில் அது அப்படியே வந்திருக்கிறது. 'நான் எதையும் எழுதவில்லை, அதில் ஒன்றுமே இல்லை என்று புன்னகைக்கிறார் எழுத்துக் கலைஞர்.' நான் புன்னகைக்கவில்லை. நான் அப்போது எழுந்து நின்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தேன். வேண்டுமானால் தட்டச்சு அம்மாவைக் கேட்டுக்கொள்ளுங்கள், அவருடைய தேநீர்க் கோப்பைதான் கவிழ்ந்தது.

செய்தி வந்த பிறகு என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது. வேறொரு பதிப்பகத்தில் பலூன் எழுதும் பழைய கூட்டாளி ஒருவர் உண்டு, முப்பது வருஷப் போட்டி எங்களுக்குள். போன் செய்து, "அண்ணே, புத்தகத்தை வரி வரியாப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடத் தப்பாப் போடலைண்ணே, எப்படிண்ணே முடிஞ்சுது?" என்றார். நான் வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்திருப்பார். எங்கள் பிழை திருத்துபவர் என்னவென்றால், இத்தனை வருஷத்தில் பிழையே இல்லாமல் வெளியான முதல் புத்தகம் இதுதான், ஆகவே பட்டியலில் தன் பெயரும் இருந்திருக்க வேண்டும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் விளையாட்டுக்கு எதையும் சொல்கிறவர் இல்லை.

வீட்டில் இன்னும் மோசம். என் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, பாசக்காரர். செய்தியைப் பார்த்ததும் கடைக்கு ஓடி ஒரு பிரதி வாங்கியிருக்கிறார். பிரித்துப் பார்த்தால் பலூனெல்லாம் காலி. அச்சுப்பிழை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு மாற்றி வாங்கியிருக்கிறார். அதுவும் காலி. மூன்றாவதும் காலி. கடைக்காரரும் அதுவரை புத்தகத்தைப் பிரித்துப் பார்க்காதவர் போலிருக்கிறது. மிரண்டுபோய் மீதி இருந்த கட்டு முழுவதையும் பழுதுச் சரக்கு என்று எழுதி எங்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். மைத்துனர் அன்று மாலையே வீட்டுக்கு வந்து, "மாமா, உங்க பேரைக் கெடுக்கறதுக்குன்னே யாரோ அச்சகத்துல வேலை பார்த்திருக்காங்க, விடாதீங்க" என்றார். உட்கார வைத்து விளக்கினேன். ஒரு மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி மாமா, ஆனா எழுத்து எந்தப் பிரதியில இருக்கு?" என்றார்.

என் மனைவி அதிகம் பேசுகிறவள் அல்ல. கீரையைக் கிள்ளிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "முப்பத்தொரு வருஷம் எழுதினதுக்கு ஒண்ணும் குடுக்கலை. எழுதாததுக்குக் குடுக்கறாங்க. இது தெரிஞ்சிருந்தா கல்யாணமான புதுசுலயே நிறுத்தியிருக்கலாம், கண்ணாவது நல்லா இருந்திருக்கும்" என்றாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

தங்கள் இரண்டாவது கடிதம் நேற்று வந்தது. விழாவில் ஒவ்வோர் எழுத்துக் கலைஞரும் மேடையில் இரண்டு நிமிடம் தம் புத்தகத்திலிருந்து ஒரு பலூனை எழுதிக் காட்ட வேண்டுமாம், அதைத் திரையில் பெரிதாகக் காட்டப்போகிறீர்களாம். நான் வருகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். மேடையேறி வட்டத்தைப் போடுவேன். வாலை இழுப்பேன். பத்து விநாடி ஆகும். மிச்சம் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி நானும் சபையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். புத்தகத்தில் பயன்படுத்திய எழுத்து வகையின் பெயர் என்ன என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. தட்டச்சு அம்மா அதற்குள் 'வெள்ளை' என்று நிரப்பி அனுப்பிவிட்டாராம்.

விலகிவிடுகிறேன் என்று 'உடனே'யிடம் சொன்னேன். அவர் தங்கள் பத்தாவது விதியைக் காட்டினார். பட்டியலில் உள்ளவர் விலகினால் புத்தகமும் போட்டியிலிருந்து விலகிவிடுமாம். "நீங்க போனா புத்தகமே போயிடும். விருது முத்திரை அட்டையில இருந்தாத்தான் கடைக்காரங்க திருப்பி எடுப்பாங்க, ரெண்டாம் பதிப்பு வரும். இல்லேன்னா அந்தப் பொண்ணோட மூணு வருஷம் கிடங்குல கிடக்கும். உடனே முடிவு சொல்லுங்க" என்றார். இருந்தால் எனக்கு அவமானம், போனால் அவளுக்கு நஷ்டம். மனிதனை இப்படியா மாட்டி வைப்பது. ஆகையால் என் கோரிக்கையைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். என் பெயரை எடுத்துவிடுங்கள். பத்தாவது விதியை இந்த ஒரு தடவை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டு, அந்தப் பெண்ணின் பெயரைச் சித்திரப் பிரிவில் சேர்த்துவிடுங்கள். எனக்குக் கொடுத்தே தீருவது என்றால், நான் எழுதியது ஒரு வரியையாவது கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கட்டடம் இடிகிற பக்கத்தைத் தனியாகக் கத்தரித்து இதோடு இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் குழு இன்னும் பல ஆண்டு செழித்து, நல்ல புத்தகங்களை, முடிந்தால் பிரித்தும் பார்த்து, தொடர்ந்து பாராட்ட வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். நடுவர்கள் எழுவருக்கும் என் வணக்கத்தையும், தொலைபேசி அம்மையாருக்கு என் அன்பையும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் பட்டியலில் மூன்றாவதாக இருக்கும்,
இருக்க விரும்பாத,
பலூன் எழுதுபவன்.

பின்குறிப்பு: மேலே இருப்பதைப் படித்திருந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள். என் பெயர் பட்டியலிலேயே இருக்கட்டும். ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன்.

மதியம் தபாலில் போடக் கிளம்பும்போது அந்தப் பெண் தன் அம்மாவை அலுவலகத்துக்கு அழைத்து வந்தாள். அம்மாவைப் படத்தில் நானூறு தடவை பார்த்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. உள்ளே நுழைந்ததுமே சத்தமாக, "இதுல பலூன் போட்டவர் யாரு?" என்றார். நான் எழுந்து, அவருக்குப் புரிய வேண்டுமே என்று வாயை அகல அகலத் திறந்து, "நான்... தான்... அம்மா" என்றேன். "சாதாரணமாவே பேசுங்க. வாயை இழுத்தா எனக்குப் புரியாது" என்றார்.

என் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார். ஒவ்வொரு பலூனாக விரலை வைத்து, அதில் இருந்ததைச் சொல்லிக்கொண்டே போனார். கண்டக்டர் சில்லறை கேட்டது, கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுத்தது, டாக்டர் சொன்னது. ஒன்றிரண்டு வார்த்தை முன்னே பின்னே இருக்கலாம், மற்றபடி நான் எழுதி அழித்தது அப்படியே. "எப்படிம்மா தெரியுது?" என்று கேட்டேன். "வாயைத்தான் இவ வரைஞ்சிருக்காளே. எவ்வளவு நேரம் பேசினாங்கன்னு நீங்க போட்ட வட்டத்துலயே தெரியுது" என்றார். அலுவலகமே வேலையை நிறுத்திவிட்டு எங்கள் மேசையைச் சுற்றி நின்றது.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. அதில் பதினான்கு வயது மகள் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். அம்மா பின்னால் நிற்கிறார். "இவ வாய் தெரியலையே. இதுல என்ன இருந்துச்சு?" என்றார். மகள், "அம்மா, போலாம்" என்றாள். அம்மா அசையவில்லை. அப்போது அந்தப் பெண் அம்மாவுக்கு வாய் தெரியாதபடி என் பக்கம் திரும்பி, "இதுக்காகத்தான் மாமா எல்லாத்தையும் எடுக்கச் சொன்னேன். இது ஒண்ணை மட்டும் காலியா விட்டா அம்மா கேப்பாங்க. எல்லாமே காலியா இருந்தா கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்" என்றாள். மூன்று மாதம் நான் இவளோடு பேசாமல் இருந்தேனே, ஐயா.

அம்மா என் பேனாவை எடுத்து என் கையிலேயே கொடுத்து, "எழுதுங்க" என்றார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். சரி என்று தலையை ஆட்டினாள். எழுதினேன். 'எனக்கு வேற அம்மா கிடைச்சிருக்கலாம்.' பள்ளிக்கூடத்துக்கு அம்மா வந்து எல்லார் முன்னாலும் சத்தமாகப் பேசி, தோழிகள் சிரித்த அன்று, வீட்டுக்கு வந்து சொன்னது அது.

அம்மா படித்தார். "இதுவா? இதையா இத்தனை வருஷமா மனசுல வெச்சுக்கிட்டிருந்தே? இது எனக்கு அன்னிக்கே தெரியுமே. இந்தச் சுவத்துல கண்ணாடி மாட்டியிருந்துச்சு, நீ தலை வாரிக்கிட்டே சொன்னே. பார்த்துட்டு வந்து நான்தான் பின்னிவிட்டேன். கண்ணாடியை வரையாம விட்டுட்டே பாரு" என்றார். அந்தப் பெண் அம்மாவின் மடியில் தலையை வைத்து அழுதாள். அம்மா ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே மறு கையால் பக்கத்தைத் தூக்கிப் பார்த்து, "எழுத்து முத்து முத்தா இருக்கு. இதைப் போய் ஏண்டி எடுக்கச் சொன்னே?" என்றார். என் எழுத்தைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கப் போவதில்லை.

ஆகவே விழாவுக்கு வருகிறோம். நான், என் மனைவி, ஓவியர், அவள் அம்மா, நான்கு பேர். எனக்கு விருது கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, அந்தப் புத்தகத்தை வரைந்தவளின் பெயரை மேடையில் யாராவது ஒருவர் ஒரு தடவை சொல்ல வேண்டும். சொல்லும்போது மைக்கை வாய்க்கு முன்னால் பிடித்து மறைக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். அவள் அம்மாவை முன்வரிசையில்தான் உட்கார வைக்கப்போகிறேன்.